‘போ’ன்னு மட்டும் எழுதாத டீச்சர்

எங்க மெஸ்ஸுல சாப்பிட்டுக் கை கழுவிட்டு, “போறேங்க்கா”ன்னு யாராச்சும் சொல்லிட்டாப் போதும். மூலை டேபிள்ல இருந்து ஒரு சத்தம் வரும். “ஏனுங்க, போறேன்னு சொல்லாதீங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க.” சாப்பிட வந்தவரு திகைச்சுப் போயி, யாரு இவங்க, ஓனரம்மாவான்னு என்னையப் பார்ப்பாரு. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன். அவரு தொண்டையைச் செருமிட்டு, “போயிட்டு வர்றேனுங்க”ன்னு சொன்னாத்தான் படி இறங்க முடியும். அதுவரைக்கும் அந்தம்மா கண்ணை எடுக்க மாட்டாங்க.

ஓனரம்மா நான்தான். அவங்க எங்க மாடி ரூம்ல வாடகைக்கு இருந்த கம்ப்யூட்டர் டீச்சர். சேலத்துக்காரங்க. இங்க மலை மேல ஒரு ஸ்கூல்ல தற்காலிக வேலை. என்னைய விட வயசுல நல்லாவே சின்னவங்க, ஆனா அதட்டல்ல என் மாமியாரே ரெண்டு படி கீழதான். ஒல்லி உடம்பு, முழங்கை வரைக்கும் இழுத்து விட்ட பச்சை ஸ்வெட்டர், கையில எந்நேரமும் ஒரு டேப்லெட். பேரு எதுக்குங்க? எங்க தெருவுல டீச்சர்னா அது அவங்கதான். எங்க மெஸ்ஸு இன்னைக்கும் நடக்குதுன்னா அதுக்கும் அவங்கதான் காரணம். அந்தத் தண்ணிக் கதைக்கு வர்றேன், பொறுங்க.

இந்தப் ‘போயிட்டு வர்றேன்’ விஷயத்துல அவங்களுக்கு ஆளு தராதரமே கிடையாது. கேஸ் சிலிண்டர் போடறவரு, தபால்காரரு, சேலம் பஸ் கண்டக்டரு, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். ஒரு நாள் பொழுதோட பக்கத்து ஊரு வெள்ளக்கடையில இருந்து ரெண்டு பேரும் ஸ்கூட்டியில வந்துட்டிருந்தோம். ஒரு வளைவுல காட்டெருமை ஒண்ணு ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. வண்டியை ஆஃப் பண்ணிட்டு மூச்சு விடாம நின்னேன். அது எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு, நிதானமா காப்பித் தோட்டத்துக்குள்ள எறங்குச்சு. பின்னாடி உட்கார்ந்திருந்தவங்க மெல்ல, “போயிட்டு வாங்க சாமி”ங்கறாங்க!

“ஏன் டீச்சர், அது வேற திரும்பி வரோணுமா?”ன்னு கேட்டேன்.

“வராட்டிப் போகுது. நாம சொல்றதைச் சரியாச் சொல்லிப் போடோணும்ல” அப்படின்னாங்க.

இதுக்குப் பின்னால பெரிய சோகக் கதை ஏதாச்சும் இருக்கும்னு நானும் கிளறிப் பார்த்தேன். யாராச்சும் போறேன்னு சொல்லிட்டுப் போயி வராம இருந்துட்டாங்களான்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. “ஒரு எழவும் இல்லீங்க்கா. எங்கூட்ல அப்புடித்தான் பேசுவாங்க. எல்லாரும்தான் சொல்றோம். நான் கொஞ்சம் நொம்பச் சொல்றேன், அவ்வளவுதான்.”

அவங்க கையில ஒரு ரோபோ பெட்டி வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. ஸ்கூல்ல பீரோவைச் சுத்தம் பண்ணினாங்களாம். யாரோ என்னைக்கோ வாங்கி வச்ச பழைய ரோபோ பெட்டி. அதுக்குண்டான சிடி இப்ப இருக்கற கம்ப்யூட்டர்ல ஓடலைன்னு தூக்கிப் போடச் சொல்லியிருக்காங்க. டீச்சர் கேட்டு வாங்கிட்டு வந்து, என் மூலை டேபிள்ல கடை பரப்பிட்டாங்க. பல்சக்கரம், ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக் சட்டம், ரப்பர் பட்டை, போன் வயர் மாதிரி கறுப்பு வயரு. எல்லாத்துக்கும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு டப்பா, சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெருசு. அதுதான் மூளையாம். ஒரு குட்டித் திரை, அதுக்குக் கீழ பட்டன், நடுவுல ஆரஞ்சு கலர்ல ஒண்ணு. வயித்துக்குள்ள பூராவும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடற பேட்டரி. அன்னையில இருந்து எங்க மெஸ்ஸு கடிகாரம் நின்னுச்சுன்னா டீச்சர் பேட்டரியைக் கழட்டிட்டாங்கன்னு அர்த்தம். மணி கேட்டா நான் வெயிலைப் பார்த்துத்தான் சொல்வேன். மூடுபனி நாள்ல அதுவும் இல்லை.

அவங்க புதுசா வாங்கின டேப்லெட்டு இந்த டப்பாவை மதிக்கவே இல்லை. ப்ளூடூத்துல பேரு வரும், இணைன்னு அழுத்தினா காணாமப் போயிரும். விடுவாங்களா? சேலம் போயி கடை கடையா அலைஞ்சு, ஓரத்துல விரிசல் விட்ட பழைய டேப்லெட் ஒண்ணை வாங்கிட்டு வந்தாங்க. “இந்த டப்பா பேசற பேச்சு பழைய டேப்லெட்டுக்குத்தானுங்க புரியுது” அப்படின்னாங்க. அழுத்தினாங்க. டப்பா ‘டிங்’குன்னுச்சு. அப்ப அவங்க முகத்தைப் பார்த்திருக்கோணுமே நீங்க! நான் தோசையைத் திருப்பாம விட்டுட்டேன்.

எனக்கும் சொல்லித் தந்தாங்க, நான் கேக்காமயே. டேப்லெட்ல கலர் கலரா கட்டம் இருக்கும். முன்னாடி ஓட ஒரு கட்டம், நிக்க ஒரு கட்டம், பின்னாடி வர ஒரு கட்டம். விரலால இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணை ஒட்ட வச்சா அதுதான் புரோகிராம். அதுக்கு ஒரு பேரு வச்சு டப்பாவுக்கு அனுப்பிட்டா அது உள்ள வாங்கி வச்சுக்கும். அப்புறம் டேப்லெட்டே பக்கத்துல இல்லைன்னாலும் ஆரஞ்சு பட்டனை அமுக்கினாப் போதும், அது பாட்டுக்கு எழுதினபடி ஓடும். அது வேண்டாம்னா, டேப்லெட்டைக் கையில வச்சுக்கிட்டு நேராவும் ஓட்டலாம். இந்த ரெண்டும் வேற வேறன்னு எனக்குப் புரியறதுக்கு ஒரு குண்டா சாம்பார் செலவாச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், கூட்டம் பிதுங்குது. டீச்சர் படிக்கட்டுல நின்னு, அந்தப் பெட்டிச் சாமானைக் கோத்துச் செஞ்ச, ரப்பர் பட்டை மாட்டின வண்டியை டேப்லெட்ல ஓட்டிக்கிட்டிருந்தாங்க. முன்னாடின்னு அழுத்தியிருக்காங்க. அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துருச்சு. கடைசியாச் சொன்னது முன்னாடி. நில்லுன்னு சொல்றதுக்கு ஆளில்லை. வண்டி டேபிளுக்கு அடியில பூந்து, கால்களுக்கு நடுவுல ஓடி, நேரா என் சமையக்கட்டுக்குள்ள வந்துருச்சு. எங்கூட்டுக்காரர் எலின்னு கத்திட்டு பெஞ்சு மேல ஏறிட்டாரு. அது சாம்பார் குண்டா வச்சிருந்த ஸ்டூல் காலை முட்டு முட்டுன்னு முட்டுது. குண்டா சாஞ்சுருச்சு. தரையெல்லாம் முருங்கைக்காய்.

நான் வாயில வந்ததெல்லாம் திட்டினேன். அவங்க என் திட்டைக் காதுலயே வாங்கலை. வண்டியைத் தூக்கி, துப்பட்டாவுல சாம்பாரைத் துடைச்சுக்கிட்டே சொல்றாங்க: “தப்பு இதோடது இல்லீங்க்கா. நான் போன்னு மட்டும் சொல்லிட்டேன். வான்னு சொல்றதுக்குள்ள பேச்சு அறுந்துருச்சு. இனிமேல் போறதையும் வர்றதையும் சேர்த்துத்தான் எழுதோணும்.”

சொன்னா சொன்னதுதான். அதுக்கப்புறம் அவங்க எந்தப் புரோகிராம் எழுதினாலும் போற கட்டத்தை வச்ச கையோட, அதுக்குக் கீழ வர்ற கட்டத்தையும் வச்சுருவாங்க. நடுவுல என்ன வேலைங்கறதெல்லாம் பிறகுதான். பேரும் ஒரே பேருதான்: ‘போயிட்டு வாங்க’. தமிழ்லயே எழுதி வச்சிருந்தாங்க. மெஷினுக்கு எதுக்கு டீச்சர் ‘ங்க’ன்னு கேட்டேன். “மரியாதைக்கு என்னங்க, காசா பணமா?” அப்படின்னாங்க.

கொஞ்ச நாள் அந்த வண்டி எங்க மெஸ்ஸுல ஊறுகாய் பரிமாறுச்சு. நிசமாத்தாங்க. முதுகுல கிண்ணத்தை வச்சுக்கிட்டு ஜன்னலோர டேபிள் வரைக்கும் போகும், சித்த நேரம் நிக்கும், திரும்பி வந்துரும். பெங்களூர்ல இருந்து வர்றவங்க செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பாங்க. படம் எடுக்கற மும்முரத்துல ஊறுகாயை எடுக்க மறந்துருவாங்க. வண்டி ஊறுகாயோட கிளம்பிரும். “ஏனுங்க, வெரசா எடுங்க, அவரு கெளம்பிருவாரு”ன்னு டீச்சர் கத்துவாங்க. எங்கூட்டுக்காரருக்கு இது பொறுக்காது. “பொம்மைய எல்லாம் அவருங்கறாங்க. இந்த ஊட்ல என்னைய யாரு அவருங்கறா?” அப்படிம்பாரு. நான் ஊறுகாய்க் கிண்ணத்தை நிரப்பப் போயிருவேன்.

இப்பத் தண்ணிக்கு வர்றேன்.

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புல இருந்து கொஞ்சம் கீழ எறங்கினா எங்க மெஸ்ஸு. ரோட்டுக்கு அந்தப்பக்கம், மேட்டுல ஒரு ஊத்து. அந்த ஊத்துத் தண்ணிதான் எங்களுக்கு எல்லாமே. கறுப்பு ஹோஸ் ஒண்ணு மேட்டுல இருந்து எறங்கி, ரோட்டுக்கு அடியில கிடக்கற ஒரு சிமெண்ட் குழாய் வழியா நுழைஞ்சு, எங்க தொட்டிக்கு வரும். கோடை விழாவுக்கு முன்னாடி ரோட்டுக்குப் புதுசா தார் போட்டாங்க. ரோலர் ஏறி எறங்கின அதிர்ச்சியோ என்னமோ, சிமெண்ட் குழாயில நடு மூட்டு எறங்கிருச்சு. உள்ள இருந்த ஹோஸ் நசுங்கி ரெண்டாப் போச்சு. இந்தப்பக்கம் இழுத்தா பாதி வந்துச்சு, அந்தப்பக்கம் இழுத்தா மீதி வந்துச்சு. தொட்டி காலி.

புது ஹோஸ் வாங்கியாச்சு. அதை நுழைக்க முடியலை. பிளம்பர் வந்து கம்பியை விட்டுப் பார்த்தாரு, மூங்கிலை விட்டுப் பார்த்தாரு. எதை விட்டாலும் நடு மூட்டுல குமிஞ்சு கிடக்கற சேத்துல குத்திக்கிட்டு நின்னுருது. “ரோட்டை வெட்டினாத்தாங்க ஆகும்”னுட்டு அவரு கிளம்பிட்டாரு. போட்டுக் காயாத புது ரோட்டுல கடப்பாரை வைக்க யாரு விடுவா? லாரித் தண்ணிக்குச் சொன்னா, பெரிய ஓட்டல்களுக்கே பத்தலைன்னுட்டாங்க. மறுநாள் வெடியால ஒரு பஸ் நிறைய ஆளுக வர்றாங்க, மூணு வேளையும் எங்க மெஸ்ஸுலன்னு பேச்சு. அந்த விழாக் கூட்டத்தை வச்சுத்தான் எங்களுக்கு வருஷமே ஓடும். அந்தக் கூட்டத்துக்குச் சோறு இல்லைன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் எவன் நம்ம வாசப்படி ஏறுவான்? கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். காலிக் குடத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாய் விட்டு அழுதேன். மெதுவாவெல்லாம் இல்லை, தெருவே கேக்கற மாதிரி அழுதேன்.

லீவுன்னாலும் அட்மிஷன் வேலைன்னு போயி, மத்தியானம் ஸ்கூல்ல இருந்து வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்தாங்க. எங்கூட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னாரு. டீச்சர் ரோட்டைத் தாண்டிப் போயி, மேட்டுப் பக்கம் குழாய் வாயில குப்புறப் படுத்து, செல்போன் லைட்டை அடிச்சுப் பார்த்தாங்க. எழுந்திரிச்சு முழங்கால் மண்ணைத் தட்டிக்கிட்டே, “அவரு போயிட்டு வருவாருங்க்கா”ன்னாங்க.

“யாரு, ஊறுகாயா?” அப்படின்னாரு எங்கூட்டுக்காரர். நான் மொறைச்ச மொறைப்புல அடங்கிட்டாரு.

வண்டியில இருந்து கிண்ணம் வைக்கற சட்டத்தைக் கழட்டிட்டாங்க. முன்னாடி ஒரு குட்டி லைட்டைக் கட்டினாங்க. பின்னாடி மெல்லிசா ஒரு நைலான் நூல். நூல் அந்தப்பக்கம் போயிட்டா அதுல கயித்தைக் கட்டி இழுக்கலாம். கயிறு போயிட்டா ஹோஸைக் கட்டி இழுக்கலாம். எவ்வளவு தூரம்னு தெரியோணும்ல? குழாய்க்கு நேரா, புது ரோட்டு மேலயே வண்டியை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓட விட்டு, சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு டேப்லெட்ல பார்த்துக்கிட்டாங்க. வாழவந்தி போற பைக்குக எல்லாம் நின்னு வேடிக்கை பார்க்குதுக. “ஓரமா வாங்க சாமி, அவரு வேலையா இருக்காரு”ன்னு டீச்சர் கையைக் காட்டி நிறுத்தறாங்க.

நானும் டீச்சரும் மேட்டுப் பக்கம். எங்கூட்டுக்காரர் ரோட்டுக்குக் கீழ, மெஸ்ஸு பக்கத்து வாயில. டீச்சர் டப்பாவுக்கு எழுதி அனுப்பிட்டு ஆரஞ்சு பட்டனை அமுக்கினாங்க. வண்டி உள்ள நுழைஞ்சுச்சு. லைட்டு சின்னதாயிட்டே போகுது. நூலு என் விரல் வழியா ஓடுது. கொஞ்ச தூரத்துலயே டேப்லெட்ல இணைப்பு போயிருச்சு. “ஐயோ, டீச்சர்!”ன்னேன். அவங்க அசையலை. “பரவாயில்லீங்க்கா, அவருக்கு எல்லாம் எழுதிக் குடுத்துத்தான் விட்டிருக்கறேன்.”

கீழ இருந்து எங்கூட்டுக்காரர் கத்தறாரு. “வருது! வருது! லைட்டு தெரியுது!”

“சேர்வராயா, காப்பாத்திட்டியே!”ன்னு நான் கையைத் தூக்கிக் கும்பிட்டுட்டேன்.

“அடியே! அது திரும்பிப் போகுதுடி!”

என்ன ஆச்சுன்னா, நடு மூட்டுச் சேத்துல ரப்பர் பட்டை வழுக்கியிருக்குது. சுத்து ஆனதே தவிர தூரம் ஆகலை. எங்கூட்டுக்காரர் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவியும் எட்டாத இடத்துல சுத்துக் கணக்கு முடிஞ்சு போச்சு. முடிஞ்சதும் டப்பா என்ன பண்ணும்? எழுதினபடி வந்த வழியே கிளம்பிருச்சு, ஊறுகாயை எடுக்காம விட்டப்பக் கிளம்பின மாதிரியேதான். நான் நூலை இழுத்துக்கிட்டே இருக்கறேன், அது மூஞ்சியெல்லாம் சேறோட, லைட்டு எரிய, பின்பக்கமாவே ஏறி வந்து என் கால்கிட்ட நின்னுச்சு.

“போயிட்டு வந்துட்டாருங்க்கா!” அப்படின்னு டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! “போயிட்டு வரச் சொல்லியா அனுப்பினோம்? அது என்ன விருந்தாளியா? அங்க போயி நிக்கச் சொன்னா, நூலோட திரும்பி வந்து நிக்குது! அந்த வர்ற கட்டத்தை அழிங்க. சுத்தைக் கூட்டிப் போட்டு, போன்னு விடுங்க. அந்தப்பக்கம் எங்கூட்டுக்காரர் புடிச்சுக்குவாரு.”

“விட மாட்டேனுங்க்கா.”

“ஏன்?”

“இப்பவே வழுக்குது. அடுத்த தடவை எவ்வளவு வழுக்கும்னு யாருக்குத் தெரியும்? போன்னு மட்டும் எழுதி விட்டு, சேத்துக்கு அந்தாண்ட போயி நின்னுட்டாருன்னா அவரை யாரு கூப்புடுவா? இங்க இருந்து கத்தினா அவரு காதுல விழாது.”

“உங்க சாஸ்திரத்துக்கு எங்க தொட்டி காயோணுமா? வெடிஞ்சா பஸ்ஸு வந்து நிக்கப் போகுது. அட போங்க டீச்சர்!”

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ‘போங்க’ன்னு சொல்லிட்டேனே, இந்தச் சண்டைக்கு நடுவுலயும் போயிட்டு வாங்கன்னு சொல்லுங்கன்னு திருத்துவாங்கன்னு நெனச்சேன். திருத்தலை. என்னையப் பார்த்தாங்க. அப்புறம் அந்த ரோட்டைப் பார்த்தாங்க. குழாயைப் பார்த்தாங்க.

“ஆமாங்க்கா,” அப்படின்னாங்க. “நாந்தான் போகோணும்.”

டேப்லெட்டை எடுத்து இருந்த கட்டத்தையெல்லாம் அழிச்சாங்க. புதுசா முன்னாடி ஓடற கட்டம் ஒண்ணே ஒண்ணு, சுத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சாங்க. பேரு எழுதற இடத்துல என்ன எழுதறாங்கன்னு எட்டிப் பார்த்தேன். ‘வாங்க’ன்னு எழுதியிருந்தாங்க. அனுப்பினாங்க. வண்டியைக் குழாய் வாயில வச்சு, நூலை என் கையில குடுத்தாங்க.

“நான் அந்தப்பக்கம் போயி நின்னு கூப்புடறேன். என் சத்தம் கேட்டதும் ஆரஞ்சு பட்டனை அமுக்குங்க. அமுக்கறப்ப நீங்க ஒண்ணும் சொல்லிப் போடாதீங்க.” ரெண்டு எட்டு வச்சவங்க திரும்பி, “போயிட்டு வர்றேனுங்க்கா”ன்னு சொல்லிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டாங்க.

குழாய் வழியா அவங்க சத்தம் வந்துச்சு. “வாங்க!”

அமுக்கினேன். வாயைத் திறக்கலை. லைட்டு உள்ள போகுது, நூலு ஓடுது. மூட்டுக்கிட்ட மெதுவாச்சு. பட்டை சேத்துல கரகரன்னு சுத்தற சத்தம் எனக்கே கேக்குது. நின்னுச்சு. மறுபடி ஒரு இழுப்பு. மறுபடி ஓடுச்சு. சந்தோசப்படறதுக்குள்ள சுத்தமா நின்னு போச்சு. மோட்டார் சத்தமும் இல்லை. சுத்துக் கணக்கு இந்தத் தடவையும் வழியிலயே முடிஞ்சிருச்சுன்னு புரிஞ்சுச்சு. “எட்டுதாங்க?”ன்னு கத்தினேன். “எட்டலைடி”ன்னு அவரு குரல் வந்துச்சு. அவ்வளவுதான், மெஸ்ஸு முடிஞ்சுதுன்னு அங்கயே உட்கார்ந்துட்டேன்.

அப்பக் குழாய்க்குள்ள இருந்து ஒரு சத்தம். ‘டிங்’.

வண்டி இப்ப சேத்தைத் தாண்டி அந்தப்பக்கம் இருக்குதுல்ல? டேப்லெட்டும் அந்தப்பக்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமில்லை. பேச்சு சேர்ந்துக்கிச்சு. “வாங்க... இன்னும் கொஞ்சம் வாங்க... அவ்வளவுதானுங்க, வாங்க சாமி...” அவங்க ஒரு தடவை அழுத்தறாங்க, என் விரல்ல நூலு கொஞ்சம் நகருது. இன்னொரு தடவை அழுத்தறாங்க, இன்னும் கொஞ்சம் நகருது. நான் மூச்சு விட்டா அறுந்துரும்கற மாதிரி புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறேன். திடீர்னு நூலு வெடுக்குன்னு இழுத்துச்சு. அது வண்டியோட இழுப்பு இல்லை, மனுசக் கையோட இழுப்பு.

“புடிச்சாச்சு!” எங்கூட்டுக்காரர் போட்ட கூப்பாட்டுக்கு ரோட்டுல நின்னவங்க எல்லாம் கையைத் தட்டினாங்க.

நூலுக்குப் பின்னால கயிறு, கயித்துக்குப் பின்னால ஹோஸ். மாட்டி முடிச்சு, எல்லாரும் தொட்டிக்கிட்ட நிக்கறோம். எங்கூட்டுக்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டாரு. “ஏனுங்க டீச்சர், எனக்கொரு சந்தேகம். போன்னாலும் வான்னாலும் வண்டி அதே முன்பக்கமாத்தானே ஓடுச்சு? கட்டமும் அதே கட்டம்தானே?”

“கட்டம் ஒண்ணுதானுங்க. போன்னு எங்க இருந்து வேணும்னாலும் சொல்லிப் போடலாம். வாங்கன்னு சொல்றவங்க அங்க போயி நிக்கோணும்ல” அப்படின்னாங்க, ரப்பர் பட்டையில இருந்த சேத்தைக் குச்சியால நோண்டிக்கிட்டே.

ஹோஸ் மொதல்ல இருமுச்சு. காத்து வந்துச்சு, செம்மண்ணு கலந்து கொஞ்சம் துப்புச்சு. டீச்சர் குனிஞ்சு அதுகிட்ட, “வாங்க, வாங்க”ன்னாங்க. தெளிஞ்ச தண்ணி குபுகுபுன்னு கொட்டுச்சு. நான் அவங்களைக் கட்டிப் புடிச்சு, ஸ்வெட்டர்லயே மூக்கைத் துடைச்சுட்டேன். மறுநாள் பஸ்ஸுல வந்தவங்க மூணு வேளையும் தின்னு தீர்த்துட்டு, அடுத்த வருஷமும் இங்கதான்னு சொல்லிட்டுத்தான் படி எறங்கினாங்க. எறங்கறப்ப ஒவ்வொருத்தரும் போயிட்டு வர்றேன்னு சொல்றாங்களான்னு டீச்சர் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டாங்க.

அந்த வருஷக் கடைசியில அவங்களுக்கு ஓசூர்ல நிரந்தர வேலை கிடைச்சுது. நல்ல வேலை. நான்தான் மூட்டை கட்டிக் குடுத்தேன், முறுக்கும் கட்டி வச்சேன். ரோபோ பெட்டியை மடியில வச்சுக்கிட்டு ஒண்டிக்கடையில பஸ் ஏறினாங்க. ஜன்னல் வழியா, “போயிட்டு வர்றேனுங்க்கா”ன்னாங்க. “போயிட்டு வாங்க டீச்சர்”னு சொன்னேன். ஊட்டுக்கு வந்து பார்த்தா, சுவர்க் கடிகாரத்துல புது பேட்டரி போட்டு வச்சுட்டுப் போயிருக்காங்க. அதுல இருந்து அந்தக் கடிகாரம் நிக்கறதே இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லைங்க.

அப்பப்ப போன்ல பேசுவாங்க. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்குன்னு தள்ளிப் போகுது. வருஷம் சிலது ஓடிருச்சு. வேலைன்னா அப்படித்தான், நான் குறை சொல்லலை. பழைய ஆளுக யாராச்சும் சாப்பிட வந்தா மூலை டேபிளைப் பார்த்துட்டு, “டீச்சர் போயிட்டாங்களா?”ன்னு கேப்பாங்க.

“போயிருக்காங்க”ன்னு சொல்வேன். வாங்கன்னு சொல்றதுக்கு நான் இங்கதானே நிக்கறேன்.